பொது மருத்துவ எம்.டி.க்குப் பிறகு டி.எம். இரைப்பைக் குடலியல்: அங்கே உண்மையில் எதைக் கற்கிறோம்?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத்தில் எம்.டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டி.எம். படிப்பில் சேர்வதற்கான நீட் எஸ்.எஸ். தேர்வு நெருங்குகிறது. இதயவியலா, நரம்பியலா, இரைப்பைக் குடலியலா என்ற குழப்பத்தில் கடைசியாகச் சொன்னதன் பக்கமே மனம் சாய்கிறது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, எம்.டி. 3 ஆண்டு, அதற்கு மேல் ஒரே துறையில் நிபுணராக்கும் டி.எம். இன்னும் 3 ஆண்டு. நடுவே தேர்வுக்காகப் போகும் ஆண்டுகளையும் அரசுப் பணி ஒப்பந்தத்தையும் சேர்த்தால், பெயர்ப்பலகையில் ‘கன்சல்டன்ட்’ என்ற சொல் ஏறும்போது முப்பத்தைந்தை நெருங்கியிருப்பேன். ஆகவே கொஞ்சம் யோசித்தே இறங்க விரும்புகிறேன்.

வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான ஸ்கோப்பைப் பற்றி என் சீனியர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஸ்கோப் கையில் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம்.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சென்ற மாதம் இரவுப் பணியில் நடந்த ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடிப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கிய, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், இரவு பதினொரு மணிக்கு இரத்த வாந்தியுடன் வந்தார். இரைப்பைக் குடலியல் பிரிவின் பணி மருத்துவரை அழைத்தேன். கால் மணி நேரத்தில் வந்தார், நோயாளியைப் பார்த்தார், ஆனால் ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியைச் செய்யவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குத்தான் நோயாளியை உள்ளே கொண்டுபோனார். அந்த ஐந்து மணி நேரமும் உறவினர்கள் என்னைத்தான் வைதார்கள். எனக்கும் அவர் மீது கோபம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

இந்தத் துறையின் திறமை ஸ்கோப்பில் இருக்கிறது என்றால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஏன் காத்திருந்தார்? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய வார்டு எழுதியது:

தம்பி, அந்த ஐந்து மணி நேரத்தில் அவர் என்ன செய்யவில்லை என்பதை எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்தார் என்பதை எழுதவில்லை. முப்பது ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்து, பேராசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில கேள்விகள் கேட்கிறேன். சிரை அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் எப்போது போடப்பட்டது? ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோன் போனதா? எத்தனை யூனிட் இரத்தம் ஏற்றினீர்கள்? நோயாளி தெளிவாகப் பேசினாரா, அல்லது கல்லீரல் மயக்கம் தொடங்கியிருந்ததா? ஸ்கோப் அறைக்குப் போகுமுன் மூச்சுக்குழாயில் டியூப் போட்டார்களா? இவற்றுக்கு விடை தெரியாமல் அவர் காத்திருந்தார் என்று சொல்ல முடியாது.

பொதுவாகச் சில செய்திகளைச் சொல்கிறேன். உணவுக்குழாயில் புடைத்த சிரை வெடித்து இரத்தம் கசியும் நோயாளிகளில், இன்றைய நல்ல சிகிச்சையிலும், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் ஆறு வாரத்துக்குள் இறக்கிறார்கள். அவர்களில் பலரைக் கொல்வது அந்த இரத்தப்போக்கு மட்டுமன்று. அதைத் தொடர்ந்து வரும் தொற்றும், கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழப்பதும்தான். அதனால்தான் வந்தவுடனே ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம். சிரை அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை, கசிவு எங்கிருந்து வருகிறதென்று உறுதியாகும் முன்பே தொடங்குகிறோம். எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் சிரைவழியாகச் செலுத்தினால், இரைப்பையில் உறைந்து கிடக்கும் இரத்தக்கட்டி கீழே இறங்கிவிடும்; அரை மணி நேரம் கழித்து உள்ளே பார்ப்பவருக்கு ஏதாவது கண்ணுக்குத் தெரியும். இல்லையென்றால் கறுப்புக் கடலில் நீந்துவதுபோலத்தான்.

வழிகாட்டு நெறிகள் இத்தகைய நோயாளிக்கு 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்யச் சொல்கின்றன. உங்கள் மருத்துவர் ஐந்தாவது மணி நேரத்திலேயே செய்திருக்கிறார். அது தாமதம் ஆகாது. ஹாங்காங்கில் 516 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. மேல்வயிற்று இரத்தக்கசிவில் அபாயம் மிகுந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 6 மணி நேரத்துக்குள்ளும், மற்றதற்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோபி செய்தார்கள். முப்பது நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.9 விழுக்காடு, இரண்டாவதில் 6.6 விழுக்காடு. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவினதுதான். ஆனால் விரைந்து ஓடியதால் ஒருவரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. அதில் பெரும்பாலோர் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தவர்கள், சிரை வெடித்தவர்கள் சிலரே என்பதையும், இரத்த அழுத்தம் நிலைப்படாதவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எந்த ஆய்வு எவருக்குப் பொருந்தாது என்று தெரிந்துவைத்திருப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி.

நொய்யல் எழுதியது:

நான் மருத்துவன் அல்லன். திருப்பூரில் சிறிய பின்னலாடைத் தொழில் நடத்துபவன். பேராசிரியர் ஐயா எழுதியதைப் படித்து வியந்தேன். ஆனால் எங்களைப் போன்றவர்கள் பார்ப்பது வேறு காட்சி. என் தாயாருக்கு நெஞ்செரிச்சல், ஏப்பம், வயிற்று உப்புசம். ஊரில் எல்லோரும் சொல்கிற ‘கேஸ் டிரபிள்’தான். ஓராண்டில் மூன்று முறை, மூன்று இடங்களில், எண்டோஸ்கோபி செய்தார்கள். மூன்றிலும் ‘லேசான இரைப்பை அழற்சி’ என்றே வந்தது. மூன்று இடங்களிலும் ஒரே மாத்திரையை வேறு வேறு பெயரில் எழுதினார்கள். இறைஞ்சி நிற்கும் ஏழைக்கு விடியும்வரை ஸ்கோப் இல்லை, பணம் கட்டும் எங்களுக்கு வாசலிலேயே ஸ்கோப் என்றால், இதில் மருத்துவம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். என் தந்தையாருக்கு இளவயதில் வந்த மஞ்சள் காமாலை கீழாநெல்லியில்தான் குணமானது. அதைச் சொன்னால் இந்த நிபுணர்கள் சிரிக்கிறார்கள்.

நெல்லைச் செவிலி எழுதியது:

எண்டோஸ்கோபி அறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஒரு நல்ல கன்சல்டன்ட்டை எங்களால் எளிதில் அடையாளம் காண முடியும். அவர்கள் ஸ்கோப்பை உள்ளே விடும் வேகத்தை வைத்து அன்று, வெளியே எடுக்கும் வேகத்தை வைத்து. பெருங்குடலை ஸ்கோப்பால் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அதன் தொடக்கம்வரை போய்ச் சேர்வது பயணம் மட்டும்தான்; பார்ப்பது முழுவதும் திரும்பி வரும்போது. ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்து வருவதற்குக் குறைந்தது 6 நிமிடம் வேண்டும் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட அளவு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். சிலர் இரண்டரை நிமிடத்தில் வெளியே வந்து ‘நார்மல்’ என்று எழுதிவிடுவார்கள். குடல் சரியாகச் சுத்தமாகாமல் இருந்தால், “இன்று பார்த்தது போதாது, மருந்து குடித்துவிட்டு மறுபடி வாருங்கள்” என்று நோயாளியிடம் சொல்லத் துணிபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, ஸ்கோப்பைக் கழுவுவது. ஒரு நோயாளிக்குச் செய்து முடித்தவுடன் படுக்கையருகிலேயே உறிஞ்சித் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று சோதித்து, உள்ளே ஓடும் குழல்களைத் தூரிகையால் தேய்த்து, குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைத்து, அலசி, உலர்த்தி, செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். வெளியே இருபது பேர் வெறும் வயிற்றுடன் காத்திருக்கும் நாளில் அந்த 20 நிமிடத்தைப் பத்தாக்கச் சொல்லும் நெருக்கடி வரும். “சிஸ்டர், ஊற வேண்டிய நேரம் ஊறட்டும், நான் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொன்ன ஒரு மருத்துவரிடம் எட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். அவருக்காக எந்த இரவிலும் எழுந்து வருவோம்.

வைகைக்கரையான் டாக்டர், அந்த இரவில் ஸ்கோப் அறையின் சிஸ்டரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். எனக்கென்னவோ பதினொன்றரைக்கே அழைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

பழைய வார்டு எழுதியது:

நொய்யல் அவர்களுக்கு: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. செய்யும் செயலுக்குத்தான் கட்டணம், யோசிக்கும் நேரத்துக்கு இல்லை என்ற அமைப்பில், செயல்கள் பெருகத்தான் செய்யும். நோயாளியிடம் இருபது நிமிடம் பேசி “உங்களுக்கு ஸ்கோப் தேவையில்லை” என்று அனுப்புபவருக்குக் கிடைப்பது ஆலோசனைக் கட்டணம் மட்டுமே. பத்து நிமிடத்தில் குழாயை விட்டு எடுப்பவருக்கு அதைப்போல் பல மடங்கு கிடைக்கிறது.

உங்கள் தாயாருக்கு முதல் முறை செய்தது சரியாகவே இருந்திருக்கலாம். விழுங்குவதில் தடை, காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, கறுப்பாக மலம் போவது, தொடர் வாந்தி, வயது முதிர்ந்தபின் புதிதாகத் தொடங்கிய அசீரணம் ஆகிய அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உடனே உள்ளே பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், முதல் சோதனையும் தெளிவாக இருந்து, தொந்தரவும் மாறாமல் அதேபடி இருந்தால், ஓராண்டுக்குள் மீண்டும் பார்ப்பதில் பயன் மிகக் குறைவு. ஹெலிகோபேக்டர் பைலோரை கிருமி இருக்கிறதா என்று மூன்று இடங்களில் ஓரிடத்திலாவது பார்த்தார்களா? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதைக் கண்டுபிடித்தபோது, அமிலத்தில் கிருமி வாழாது என்று உலகமே சொல்லியது. மார்ஷல் 1984இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்துத் தமக்கே இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நம் ஊரில் சோதிக்காமலேயே அமில மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எழுதுகிறார்கள். அந்த மாத்திரையைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும் என்றாவது உங்கள் தாயாரிடம் யாரேனும் சொன்னார்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

கீழாநெல்லியைப் பற்றிச் சிரிக்கும் நிபுணர் தம் துறையின் வரலாற்றைப் படிக்காதவர். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள்; 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது என்று 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். அக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் அந்த ஆய்வில் இணைந்திருந்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் அது மருந்தாக நிலைபெறவில்லை. உங்கள் தந்தையாருக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ ஆக இருந்திருக்கும். அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்குபவை. இதைச் சிரிக்காமல் சொல்லிப் புரியவைப்பதும் கன்சல்டன்ட்டின் வேலைதான். ஏனென்றால் சிரித்தால் அடுத்த முறை அவர் கீழாநெல்லி சாப்பிடுவதை உங்களிடம் சொல்லமாட்டார். அதனுடன் சேர்த்துச் சாப்பிடும் பெயர் தெரியாத சூரணத்தைப் பற்றியும் சொல்லமாட்டார். கல்லீரலைக் கெடுத்தது அந்தச் சூரணமாக இருக்கும்.

அமராவதி எழுதியது:

இந்த இழையை ஒரு நோயாளியாகப் படிக்கிறேன். இருபத்தாறு வயதில் எனக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி, காய்ச்சல், எட்டு கிலோ எடைக்குறைவு. நான் போன மருத்துவமனையில் கொலோனோஸ்கோபி செய்து, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் என்று கண்டு, குடல் காசநோய் என்று மாத்திரை தொடங்கினார்கள். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டேன். வலி குறைவதும் கூடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் “மாத்திரையை முடியுங்கள், பார்க்கலாம்” என்றே பதில் வந்தது. ஆறு மாதம் முடிந்த மூன்றாம் வாரத்தில் குடல் அடைத்துக்கொண்டது. அவசர அறுவை சிகிச்சை செய்து ஓரடிக் குடலை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகுதான் அது காசநோய் அன்று, கிரோன்ஸ் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி நோய் என்று தெரிந்தது.

இப்போது என்னைப் பார்க்கும் மருத்துவர் பழையவர்களைக் குறைசொல்லவில்லை. “முதல் நாளில் நானாக இருந்தாலும் ஒருவேளை அதே மாத்திரையைத் தொடங்கியிருப்பேன்” என்றார். பிறகு சற்று நிறுத்தி, “ஆனால் இரண்டாம் மாதத்தில் மறுபடி உள்ளே பார்த்திருப்பேன்” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

இரண்டாமாண்டு எழுதியது:

டி.எம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் மருத்துவர் நான். அமராவதி அவர்கள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். வைகைக்கரையானின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை.

கிரோன்ஸும் குடல் காசநோயும் நம் நாட்டில் ஒரே முகமூடி அணிந்து வரும் இரண்டு நோய்கள். குறுக்காக ஓடும் புண், வாய் பிளந்து நிற்கும் குடல் அடைப்பிதழ் என்றால் காசநோயின் பக்கம் சாய்வோம். நீளவாக்கில் ஓடும் புண், இடையிடையே நல்ல குடல் விட்டு விட்டு வருவது, ஆசனவாயருகே புரைப்புண் என்றால் கிரோன்ஸின் பக்கம். திசுவில் காசநோய்க் கிருமி கிடைத்தால் வழக்கு முடிந்தது; ஆனால் குடல் திசுவில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனையும் பாதிக்கு மேற்பட்டோரில் கோட்டை விட்டுவிடும். காசநோயைக் கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசம் உடலெங்கும் பரவலாம். அதனால் ஐயம் தீராத இடத்தில் காசநோய் மருந்தை முதலில் தொடங்குவது இந்தியாவில் ஒப்புக்கொண்ட வழிதான். ஆனால் அது சோதனையாகத் தொடங்கப்படும் சிகிச்சை. இரண்டு மாதத்தில் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் சோதனை முடிகிறது. நோயாளி “கொஞ்சம் தேவலாம்” என்று சொல்வதை நம்பினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கிரோன்ஸ் நோயாளிக்கும் அந்த மருந்தில் சிறிது காலம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இலண்டனில் பயின்றவருக்கு இந்தச் சிக்கல் அரிதாகவே வரும். வேலூரிலோ மதுரையிலோ வாரந்தோறும் வரும்.

நமக்கேயுரிய நோய்கள் என்ற வகையில் இன்னும் சொல்லலாம். 1960களில் வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் கொள்ளைநோய்போலப் பரவியபோது, வேலூர் சி.எம்.சி.யில் பேக்கரும் மாத்தனும் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார்கள். எலிமருந்திலுள்ள மஞ்சள் பாஸ்பரஸால் கல்லீரல் சிதையும் நோயாளிகளைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் பார்த்த அளவுக்கு வேறு எங்கும் பார்த்திருக்கமாட்டார்கள். பிளாஸ்மாவைக் குறைந்த அளவில் மாற்றிச் சிலரைக் காப்பாற்றும் முறையை வேலூர் மருத்துவர்கள் முன்வைத்ததும் அந்தப் பட்டறிவால்தான்.

பெண்கள் இந்தத் துறைக்கு வரலாமா என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேட்கிறார்கள். இங்கேயே பதில் சொல்கிறேன். ஸ்கோப் வழியாகப் பித்தக்குழாயில் செய்யும் ஈ.ஆர்.சி.பி.யின்போது எக்ஸ்ரே கதிரின் கீழே ஈய அங்கி அணிந்து நிற்க வேண்டும். கருவுற்றிருக்கும் மாதங்களில் அது ஒரு கேள்வி, அதற்குப் பணிமுறையை மாற்றித் தரும் துறைத்தலைவர் வேண்டும். ஸ்கோப்பின் சக்கரங்கள் பெரிய கைகளுக்காகச் செய்தவைபோல இருக்கும். கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கும், பழகிக்கொள்ளலாம். ஆனால் ஆசனவாய்த் தொந்தரவைப் பத்து ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பெண் மருத்துவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வரும் பெண்கள் ஒவ்வொரு வாரமும் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். கல்லீரல் மருத்துவம் தனித்துறையாக எழுந்து நிற்க முதன்மைக் காரணர்களில் ஒருவரான ஷீலா ஷெர்லாக், 1959இல் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பேராசிரியர் ஆனபோது, பிரிட்டனிலேயே மருத்துவத்துறைப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவர்தான்.

வடமராட்சியான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் படித்து, இப்போது இங்கிலாந்தில் குடல் ஈரல் வைத்திய நிபுணராகப் பணிபுரிகிறேன். இலங்கையில் எம்.பி.பி.எஸ்.ஸும் உள்ளகப் பயிற்சியும் முடித்து, கொழும்பில் எம்.டி. பரீட்சை எழுதி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சிரேஷ்ட பதிவாளராகப் பயிற்சி பெற்றால்தான் நிபுணர் சான்று கிடைக்கும். இங்கே இரண்டு ஆண்டு அடிப்படைப் பயிற்சி, மூன்று ஆண்டு உள்மருத்துவப் பயிற்சி, எம்.ஆர்.சி.பி. பரீட்சை, அதன்பின் நான்கு ஆண்டு துறைப் பயிற்சி. ‘கன்சல்டன்ட்’ என்பது இந்நாட்டில் பட்டமன்று, பதவி. ஒரு நோயாளிக்கு நடக்கும் எல்லாவற்றுக்கும் இறுதியில் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்பவர் என்று பொருள்.

செவிலி அம்மா சொன்ன அந்த 6 நிமிடம் இங்கே என் பெயருக்கு எதிரே ஏட்டில் பதிவாகிறது. நான் செய்த கொலோனோஸ்கோபிகளில் பெருங்குடலின் தொடக்கம்வரை சென்று சேர்ந்தவை நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையக்கூடாது. புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமாக் கட்டியை எத்தனை பேரில் கண்டுபிடித்தேன், நோயாளி எவ்வளவு வலி உணர்ந்தார், எவ்வளவு மயக்கமருந்து கொடுத்தேன் என்பவையும் எண்ணப்படுகின்றன. பயிற்சியாளர் ஒருவர் தனியே கொலோனோஸ்கோபி செய்யச் சான்று பெறுவதற்கே இருநூறுக்கு மேல் செய்து காட்டவேண்டும். தொடக்கத்தில் எனக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. இப்போது இந்த எண்கள் இல்லாமல் வேலை செய்ய எனக்குப் பயமாக இருக்கும்.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லவேண்டும். செய்த சோதனைகளை எண்ணும் ஏடு உண்டு. செய்யாமல் விட்டவற்றை எண்ணும் ஏடு எந்த நாட்டிலும் இல்லை. என் பயிற்சிக் காலத்தில் ஒரு மூதாட்டிக்குப் பித்தக்குழாய் சற்று விரிந்திருக்கிறது என்று ஈ.ஆர்.சி.பி. பட்டியலில் சேர்த்திருந்தேன். ஈரல் பரிசோதனை முடிவுகள் சீராக இருந்தன, வலியும் இல்லை. என் ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, பித்தப்பை முன்பே அகற்றப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார். பித்தப்பை எடுத்தவர்களுக்குக் குழாய் சற்று விரிவது இயல்பு. ஈ.ஆர்.சி.பி. செய்திருந்தால் கணைய அழற்சி வந்திருக்கலாம். அபாயம் கூடியவர்களிடம் 2012இல் நடத்திய ஆய்வில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு வந்தது, இன்டோமெதசின் மருந்தை ஆசனவாய் வழியே வைத்தவர்களுக்கே ஒன்பதாகக் குறைந்தது. அந்த மூதாட்டி தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த நாள் எந்தக் கணக்கிலும் இல்லை.

நொய்யல் எழுதியது:

பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி. தாயாரிடம் கேட்டேன். கிருமிச் சோதனை ஓரிடத்திலும் செய்யவில்லை. மாத்திரையை இரவு உணவுக்குப் பின் பாலுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் முன்பு எழுதியதில் ‘ஏழைக்கு ஸ்கோப் இல்லை’ என்ற பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘எங்களுக்கு வாசலிலேயே ஸ்கோப்’ என்ற பகுதியைத் திரும்பப் பெறவில்லை.

வைகைக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேராசிரியர் ஐயா கேட்ட கேள்விகளுக்காக நேற்று மருத்துவப் பதிவறைக்குச் சென்று அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். டெர்லிப்ரெசின் 11.20க்கு, செஃப்ட்ரியாக்சோன் 11.25க்கு. ஹீமோகுளோபின் 5.8 இருந்தது, இரண்டு யூனிட் ஏற்றியபின் 7.4. மூன்றாவது யூனிட்டை நான் எழுதியிருந்தேன். அவர் அதை அடித்துவிட்டுக் கையொப்பமிட்டிருக்கிறார். அன்று அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு நோயாளி குழறிப் பேசத் தொடங்கியதும் மயக்கவியல் மருத்துவரை அழைத்து மூச்சுக்குழாயில் டியூப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகே ஸ்கோப். புடைத்த சிரைகளில் மூன்று இடங்களில் ரப்பர் வளையம் கட்டியிருக்கிறார். செவிலி அம்மா சொன்னதும் சரிதான். அறையைத் தயார்செய்யச் சொல்லி அழைப்பு போன நேரம் 11.35.

ஐயா, அந்த மூன்றாவது யூனிட்டை ஏன் அடித்தார்? கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பழைய வார்டு எழுதியது:

இரத்தத்தை அதிகம் ஏற்றினால் கல்லீரல் வாயிற் சிரையின் அழுத்தம் ஏறும்; அடைபடத் தொடங்கிய ஓட்டை மறுபடி திறக்கும். பார்சிலோனாவில் 921 பேரிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் மட்டும் இரத்தம் ஏற்றியவர்களில் ஆறு வாரம் கழித்து 95 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள். 9க்குக் கீழே போனவுடனே தாராளமாக ஏற்றியவர்களில் 91. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 10 வரும்வரை ஏற்றுவோம். அதுதான் பரிவு என்று நினைத்தோம். அப்போது கசிவை அழுத்தி நிறுத்தும் பலூன் டியூபும், சிரையைச் சுருக்கும் ஊசியும் தவிர எங்களிடம் அதிகம் இல்லை. எத்தனை பேருக்கு நாங்களே மறு இரத்தப்போக்கை வரவழைத்தோமோ.

கல்லூரியைப் பற்றி: எத்தனை ஸ்கோப் இருக்கிறது, ஈ.ஆர்.சி.பி. எத்தனை நடக்கிறது என்பதை எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். ஊர்ப்பெயரைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பத்ம விபூஷண் பெற்ற இரைப்பைக் குடலியல் நிபுணர் நாகேஸ்வர ரெட்டி கர்னூலில் எம்.பி.பி.எஸ்., சென்னையில் எம்.டி., சண்டிகரில் டி.எம். என்று மூன்று இடங்களில் படித்தவர். இரவில் இரத்தக்கசிவு வந்தால் பேராசிரியர் நேரில் வருகிறாரா, தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறாரா என்று கேளுங்கள். இறந்த நோயாளிகளைப் பற்றிப் பேசும் கூட்டம் மாதந்தோறும் நடக்கிறதா, அதில் மூத்தவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றியும் பேசுகிறார்களா என்று கேளுங்கள். அறுவை சிகிச்சைப் பிரிவும் கதிரியக்கப் பிரிவும் வாரம் ஒருமுறையாவது உங்கள் துறையுடன் ஒரே மேசையில் உட்காருகின்றனவா என்பதையும் கேளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் ரங்கபாஷ்யம் அறுவைசிகிச்சை இரைப்பைக் குடலியலை வளர்த்த காலத்திலிருந்து, அந்த மேசை இருக்கும் இடங்களில் பயின்றவர்களை நான் அவர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதத்திலேயே கண்டுகொள்வேன்.

நெல்லைச் செவிலி எழுதியது:

டாக்டர், நான் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பேராசிரியர் அறைக்குப் போவதற்கு முன் ஸ்கோப் கழுவும் அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கடிகாரம் மாட்டியிருக்கிறதா, அது ஓடுகிறதா என்று.

வைகைக்கரையான் எழுதியது:

அடுத்த வாரம் இரண்டு கல்லூரிகளுக்குப் போகிறேன். பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன், அம்மா. அந்த நோயாளி நேற்று இரண்டாம் முறை வளையம் கட்டிக்கொள்ள வந்திருந்தார்; குடியை விட்டு இருபத்தெட்டு நாள் ஆகிறது என்றார். அவருடைய மைத்துனர், அன்று இரவு என்னை அதிகம் வைதவர், வெளியே டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.